ஒன்பது கராம்பு

சின்னம்மாவின் மகள் இலங்கையில், முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்த ஆண்டுதான் நான் இங்கே இங்கிலாந்தில், கென்டில் பழங்காசு தேடி வயலில் இறங்கினேன். இரண்டு பேர் கையிலும் ஏறக்குறைய ஒரே மெசின்தான்: ஒரு தடி, நுனியில் வட்டமான கம்பிச்சுருள், காதில் ஹெட்போன். வாட்ஸ்அப்பில் என்னுடையதை முதன்முதலில் காட்டியபோது அவள் அதன் விலையை விசாரிக்கவில்லை.

"சத்தம் வந்தா மேலாலை குத்துறனீங்களோ, அண்ணா?"

"ஓம்."

"அப்பிடிச் செய்யாதேங்கோ. ஒரு சாண் தள்ளிக் கிண்டிப்போட்டு, பக்கத்தாலை மெல்ல மெல்ல வாங்கோ. சாமானிட்டை எப்பவும் பக்கத்தாலைதான் போகோணும்."

அவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எனக்கோ காசின் முகம் தப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் அவள் சொன்னது சரி. மண்வெட்டியின் ஓரம் ஒரு தடவை உரசினால், முந்நூறு ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த எழுத்து போய்விடும். அன்றிலிருந்து பக்கத்தால்தான் போகிறேன். அந்த நிதானம் காசு கைக்கு வந்த பிறகும் வேண்டும் என்பதைத்தான் பிந்திக் கற்றுக்கொண்டேன்.

டிடெக்டரைத் தந்தவர் ஜில்லிங்ஹமில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். முழங்கால் விட்டுப்போனதும் அதை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து சாத்திவிட்டு, "இதுக்கு நடக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்" என்றார். பிறகு ஒரு மாதம், மடக்குக் கதிரையில் வயலோரம் இருந்தபடியே எனக்குத் தொழில் படிப்பித்தார். காணிக்காரரின் அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களின் பக்கமே போகக் கூடாது. குழியை மூடி, புல்லை மிதித்துவிட்டுத்தான் அடுத்த அடி. தங்கமோ வெள்ளியோ கலந்த முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு ஒன்றுக்கு மேல் சேர்ந்து கிடந்தால் அது புதையல். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தனியாகக் கிடக்கும் செம்புக் காசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதையும் மாவட்டத்துக் கண்டெடுப்பு அதிகாரியிடம் காட்டி, எந்த வயலில் எந்த இடத்தில் கிடைத்தது என்று பதிய வைப்பதுதான் மரியாதை என்பார் அவர். இடம் தெரியாத காசு பாதிக் காசு என்பது அவர் கட்சி. என் கட்சியும் இப்போது அதுதான்.

மெசினின் பிறப்பையும் அவர்தான் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் போலந்துப் படையினர் ஸ்கொட்லாந்தில் தங்கியிருந்தபோது, யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற இளம் அதிகாரி ஒரு ஆள் தூக்கி நடக்கக்கூடிய கண்ணிவெடி காட்டியை வடிவமைத்தார். 1942-இல் எல் அலமெய்ன் பாலைவனத்தில் பிரித்தானியப் படை அதைக் கொண்டுதான் வெடிகளுக்கு நடுவே பாதை திறந்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய மெசின்களைச் சனங்கள் வாங்கிக் காசு தேடக் கொண்டுபோனார்கள். ஆக, தங்கச்சியின் கையில் இருப்பதுதான் மூத்தது. என்னுடையது அதன் வழியில் வந்தது.

இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். அங்கே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் ஒரு சின்ன மின்னோட்டம் சுழலத் தொடங்கும். அதன் எதிரொலியைத்தான் நாங்கள் சத்தமாகக் கேட்கிறோம். வெள்ளியும் செம்பும் உச்சத்தில் பாடும், இரும்பு உறுமும். என் மெசினில் இரும்பை ஒதுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் ஆணி, லாடம், கம்பித் துண்டு எதுவும் காதில் விழாது. இதைத் தங்கச்சியிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். மிதிவெடிகளில் பலவற்றில் உடம்பு முழுவதும் பிளாஸ்டிக். உள்ளே விரல்நக அளவுக்குத்தான் உலோகம் இருக்கும். அதனால் அவளுக்கு ஒதுக்க எதுவுமில்லை. ஆணி என்றாலும், தோட்டாக்கோது என்றாலும், சோடா மூடி என்றாலும், ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து, பக்கத்தால் கிண்டி, கண்ணால் கண்ட பிறகுதான் அடுத்த விரற்கடைக்கு நகரலாம். நான் ஒரு காலைப்பொழுதில் நடக்கும் வயலை அவள் அணி மாதக்கணக்கில் கடக்கும்.

நான் நடக்கும் வயல் மெய்ட்ஸ்டனுக்குத் தெற்கே இருக்கிறது. களிமண் பூமி. மழை பெய்தால் சப்பாத்தில் ஒரு கிலோ ஏறும்; காய்ந்தால் ஓடாகிவிடும். கோதுமை அறுத்து, மறு உழவுக்கு முந்திய இரண்டு மூன்று கிழமைதான் எங்களுக்குக் காலம். முதல் பருவத்தில் கிடைத்தது பெரும்பாலும் வேட்டைத் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம், பொத்தான், ஈயத் துண்டு. நல்லது என்று சொல்லக்கூடிய முதல் காசு 1797-ஆம் ஆண்டுப் பென்னி. பர்மிங்ஹமில் மேத்யூ போல்டன் நீராவி யந்திரத்தில் அச்சடித்த செம்புக் காசு அது. விளிம்பு தடித்து வண்டிச் சக்கரம்போல இருப்பதால் இங்கே அதற்கு அதுவே பெயர். சரியாக ஒரு அவுன்ஸ் எடை. அதனால் தராசில் படிக்கல்லுக்குப் பதிலாகவும் போடலாம். உள்ளங்கையில் அதை வைத்துப் பார்த்தபோது, கடைக்காரன் மகனாகிய என் கை தானாகவே மேலும் கீழும் ஆடி நிறை பார்த்தது.

அதே வயலில் ஈய வில்லைகளும் கிடைத்தன. ஒன்றில் இரண்டு எழுத்து, இன்னொன்றில் வெறும் நட்சத்திரக் கோடு. காணிக்காரர் பார்த்ததும், "இது தாத்தா காலத்துக்கு முந்தியது" என்றார். அந்தப் பக்கம் முழுவதும் ஒரு காலத்தில் பியருக்குப் போடும் ஹொப்பு பயிரான தோட்டங்கள். புரட்டாதியில் லண்டனின் கிழக்குப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஏழைச் சனங்கள் பறிக்க வருவார்கள். கூடை நிறைய நிறையத் தோட்டக்காரன் தன் அடையாளம் அடித்த ஈய வில்லையைக் கொடுப்பான். பருவம் முடிந்த பிறகுதான் அதற்குப் பணம். அதுவரை ஊர்க் கடைகளில் வில்லையே காசு. இலங்கையிலும் 19-ஆம் நூற்றாண்டில் கொழும்புக் கோப்பி ஆலைகள் கூலிக்காரருக்கு இப்படி உலோக வில்லை கொடுத்திருக்கின்றன. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறவர்கள் அச்சின் அழகைப் பேசுவார்கள். எனக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு சம்பள நாளுக்குக் காத்திருந்த பெண்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். 2018, செப்டெம்பர். பூந்தூறல். வயலின் கீழ் மூலையில், ஓக் மரத்துக்குப் பத்தடி தள்ளி, ஒரு சின்னச் சத்தம். மெல்லியதுதான், ஆனால் இந்தப் பக்கம் வீசினாலும் அந்தப் பக்கம் வீசினாலும் மாறாமல் அதே இடத்தில் வந்தது. ஒரு சாண் தள்ளி வெட்டினேன். பக்கத்தால் போனேன். களிமண் கட்டிக்குள் பச்சையாக ஒரு விளிம்பு தெரிந்தது. எங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாடக் கொண்டு திரிந்த அலுமினிய ஒரு சதத்தின் அளவு. ஆனால் அதைவிட மெலிசு.

பக்கத்து வீட்டுக்காரர் நூறு தடவை சொல்லியிருந்தார், வயலில் வைத்துக் காசைத் தேய்க்காதே என்று. செம்பு மண்ணுக்குள் கிடக்கும்போது அதன் மேல்தோல் மெல்ல மெல்லப் பச்சையாக மாறும். எழுத்து இருப்பது அந்தத் தோலில்தான், அடியில் இருக்கும் செம்பில் இல்லை. எல்லாம் தெரிந்தும் நான் பெருவிரலை நாக்கில் நனைத்துத் தேய்த்தேன். வட்டமாக எழுத்துகள் தெரிந்தன. ஒரு கணம் முழுதாகவே தெரிந்தன. வாசிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இன்னொரு தரம் தேய்த்தேன். மேற்பக்கம் உதிர்ந்தது. விரலைத் திருப்பிப் பார்த்தேன்: ரேகைக்குள் பச்சைப் பொடி. அது ஒரு மனிதரின் பெயர். முந்நூற்றைம்பது ஆண்டு இருந்த பெயரை நான் ஐந்து விநாடியில் அழித்தேன். இப்போதும் அதை நினைத்தால் அந்த விரலைக் கழுவ வேண்டும் போலிருக்கும்.

மறுபக்கத்தைத் தொடவில்லை. களிமண்ணோடே பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சுத்தமான தண்ணீரில் ஊறவைத்தேன். இரண்டு நாளில் மண் தானே கரைந்தது. அந்தப் பக்கத்தில், ஓரத்தில் 'ஸ்டோன்' என்று முடியும் ஊர்ப்பெயர். நடுவில் மூன்று எழுத்து, மேலே ஒன்று, கீழே இரண்டு. நான் கெடுத்த பக்கத்தில் பெயர் போய்விட்டாலும் நடுவில் ஏதோ உருவம் மிஞ்சியிருந்தது. கூரைபோல ஒரு பட்டை, அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஏதோ. போனில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்த்தேன். ஆணிகள் என்று நினைத்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்து வந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இதென்னடா, கராம்பெல்லோ?"

"கராம்போ? இங்கிலீசுக் காசிலையோ?"

"கராம்பைக் கண்டா எனக்குத் தெரியாதே? இது மொட்டு, இது காம்பு. எண்ணு பாப்பம்."

மேலே ஆறு, கீழே மூன்று. ஒன்பது.

அம்மா சொன்னது சரி என்பது ஒரு கிழமை கழித்துத்தான் உறுதியானது. மாவட்டத்துக் கண்டெடுப்பு அதிகாரி நுணுக்குக்கண்ணாடியில் பார்த்தவுடனேயே, இது லண்டன் மளிகை வணிகர் சங்கத்தின் சின்னம் என்றார்: நடுவில் கூரைப்பட்டை, சுற்றிவர ஒன்பது கராம்பு. இந்த வில்லையை அடித்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். நாற்பது ஆண்டு பலசரக்குக் கடையில் கராம்பு நிறுத்துக் கொடுத்த என் அம்மா என்றேன். அவர் அதைப் பதிவிலும் எழுதட்டுமா என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த வில்லைகளின் கதையை அவர் வாயால் கேட்டபோதுதான், நான் எதைக் கையில் வைத்திருக்கிறேன் என்பது விளங்கியது. 1649 ஜனவரியில் இங்கிலாந்து தன் அரசன் முதலாம் சார்ல்ஸின் தலையை வெட்டியது. சில்லறைக் காசு அடிக்க அரசன் தன் ஆட்களுக்குக் கொடுத்துவந்த உரிமைப் பத்திரமும் அதற்குள் செத்திருந்தது. பிறகு வந்த குடியரசு செம்புக் காசு அடிக்கவில்லை. வெள்ளிக் காசு இருந்தது. ஆனால் ஒரு பிடி உப்புக்கும் ஒரு மெழுகுதிரிக்கும் வெள்ளியைக் கொடுத்து மிச்சம் வாங்குவது எப்படி? கடைக்காரர்கள் தாங்களே காசு அடித்தார்கள். மளிகைக்காரர், பேக்கரிக்காரர், மெழுகுதிரி செய்பவர், விடுதி நடத்துபவர் என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வகை. காசின் ஓரத்தில் தன் பெயர், ஊர். நடுவில் தன் தொழிலின் சின்னம். கொண்டுவந்தால் நல்ல காசு தருவேன் என்பதுதான் அதன் பொருள். ஒரு நாள் நடையில் போய்வரக்கூடிய தூரத்துக்குள்தான் பெரும்பாலும் அவை புழங்கின. அதற்கு அப்பால் அந்தப் பெயரை யாருக்குத் தெரியும்? 1672-இல் இரண்டாம் சார்ல்ஸ் அரசாங்கச் செம்புக் காசை வெளியிட்டு, கடைக்காரர் காசுகளைத் தடை செய்தான். இருபத்துச் சொச்ச ஆண்டுதான் அவற்றின் ஆயுள்.

அந்த இருபத்துச் சொச்ச ஆண்டுக்குள்தான், 1658-இல், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. அதே ஒல்லாந்தக் கம்பனிதான் அம்போன் தீவில் கராம்பு மரங்களைக் காவலிட்டு வைத்து, உலகத்துக்கே கராம்பை அளந்து விற்றது. கென்டில் ஒரு சின்னக் கடையின் பலகையில் இருந்த கராம்பும் அநேகமாக அந்தக் கப்பல்கள் வழியாக வந்ததுதான்.

நடுவில் இருந்த மூன்று எழுத்தைப் பற்றிக் கேட்டேன். மேலே இருப்பது குடும்பப் பெயரின் முதலெழுத்து. கீழே இடப்பக்கம் கணவன். வலப்பக்கம் மனைவி. இது அந்தக் காலத்து வழக்கமாம். கணவன் செத்த பிறகு தன் பெயரிலேயே காசு வெளியிட்ட விதவைகளும் உண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் பொய்ன் தொகுத்து, பிறகு வில்லியம்சன் விரித்தெழுதிய பட்டியலை அவர் புரட்டிப் பார்த்தார். ஊர் மெய்ட்ஸ்டனா, கடலோரத்து ஃபோக்ஸ்டனா என்பதே முடிவாகவில்லை. "பெயர் மட்டும் இருந்திருந்தால்..." என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மனைவியின் எழுத்தும் காசில் இருக்கும் என்றபோது அம்மா நிமிர்ந்தார்.

"எங்கட மட்டைக் காசிலை நான் பின்பக்கம் எழுத்துப் போட்டனான். ஞாபகமிருக்கோ?"

எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. எழுதுமட்டுவாளில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையில் எங்கள் கடை. 1990-இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் அரிது. ஜாம் போத்தலில் திரி போட்டு, அரைக் கரண்டி எண்ணெயில் இரவைத் தள்ளினோம். நோட்டுகள் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்தன. எங்கள் கடையில் சில்லறை அறவே வற்றிப்போனது. ஐயா பழைய கொப்பி மட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, 25 சதம், 50 சதம், ஒரு ரூபா என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆரும் கள்ள மட்டை வெட்டக் கூடாதென்று அம்மா பின்பக்கத்தில் சிவப்பு மையால் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். முதலில் எங்கள் கடைக்கு மட்டும்தான். பிறகு அரைவை மில்காரர் வாங்கினார். சலூன்காரர் வாங்கினார். கோயில் உண்டியலில்கூட விழுந்தது. ஐயர் மாதமுடிவில் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போவார். ஐயா ஒரு தடவைகூட மறுத்து நான் பார்த்ததில்லை. நனைந்து கூழான மட்டையைக்கூட, அம்மாவின் சிவப்பு எழுத்துத் தெரிந்தால் வாங்கிக்கொண்டு பெறுமதியைக் கொடுத்தார்.

கென்டின் அந்த மளிகைக்காரர் செம்பில் அடித்ததால் எனக்குக் கிடைத்தார். மட்டைக்கு எந்த மெசினும் கத்தாது.

1995 ஐப்பசி முடிவில் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தபோது கடை முன்னெப்போதும் இல்லாதபடி நிறைந்தது. மட்டையும் அப்போதுதான் அதிகம் வெளியே போனது. அடுத்த சித்திரையில் பலர் கிளாலியால் தோணியேறி வன்னிக்குப் போனார்கள். நாங்களும் கடையைப் பூட்டினோம். நான் அடுத்த ஆண்டு நாட்டை விட்டேன். 2000-இல் முகமாலையும் சுற்றுப்புறமும் போர்முனையாகி, கடை நின்ற இடத்துக்கும் மேலாக மிதிவெடி வேலி ஓடியது. ஐயா 2003-இல் யாழ்ப்பாணத்தில் தவறினார், கடைத் திறப்பு அவர் அரைஞாணில் இருந்தது.

2019 பங்குனியில் தங்கச்சி அழைத்தாள். எங்கள் காணியைத் துப்புரவு செய்து முடித்துவிட்டார்கள். செய்தது அவள் அணியல்ல, பக்கத்து அணி. வேலை முடிந்த பிறகு அனுமதி கேட்டு உள்ளே போய், வெள்ளைத் தடிகளுக்கு நடுவே நின்று வீடியோவில் காட்டினாள். கிணற்றுக் கட்டு இருந்தது. கடையின் சீமெந்துப் படி இரண்டாகப் பிளந்து இருந்தது. கூரையும் சுவரும் இல்லை. வடலிகள் ஆளுயரத்துக்கு மேல் நின்றன. எடுத்த உலோகத்தைப் போடும் குழிக்குள் போனைத் தாழ்த்தினாள். தோட்டாக்கோதுகள், கம்பி, ஆணி, பூட்டு ஒன்று, துருவேறிய அரைக்கிலோப் படிக்கல், சதுரமான ஐந்து சதம் இரண்டு.

"கடை நிண்ட இடத்திலை ஒரு ரின்னும் வந்ததாம், பெரியம்மா. பால்மா ரின். பிடிக்கக் கரைஞ்சு போச்சாம்."

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"மூடி இருந்ததோ?"

"மூடி இருந்ததாம். உள்ளுக்கை மண்தான்."

"அது திரும்பி வந்த மட்டையள் போட்டு வைக்கிற ரின்" என்றார் அம்மா. "அது பரவாயில்லை. வெளியிலை நிண்டதுதான்... ஐயாவின்ரை கணக்கிலை நாப்பத்திரண்டு ரூபாய் ஐம்பது சதம். வன்னிக்குப் போன சனத்தின்ரை கையிலை. இனி ஆர் கொண்டு வரப் போகினம்?"

பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, விரல் மடித்து எண்ணத் தொடங்கினார்: தையல்காரர் வீட்டில் மூன்று ரூபா, கிணற்றடிச் சந்தி ஆச்சியிடம் ஐம்பது சதம், மானிப்பாயிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் இருந்த அந்த ரீச்சரிடம் ஏழு.